"டார்கெட் இஸ் பிசி": லினக்ஸில் கழற்ற மறுக்கும் மவுண்டை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்தாயிற்று, இனி கழற்றி வைத்துவிடலாம் என்று, மவுண்டை (டிஸ்க் ஒரு ஃபோல்டரோடு இணைந்திருப்பதை) விடுவிக்கும் யுமவுண்ட் கட்டளையை அடித்தால் "டார்கெட் இஸ் பிசி" என்று ஒரே வரியில் பதில். மறுபடி அடித்தாலும் அதேதான். இந்த இடத்தில் பலர் பொறுமை இழந்து வயரைப் பிடுங்கிவிடுகிறார்கள். இன்னும் சிலர் தேடிப் பார்த்து முதலில் கிடைக்கும் யோசனைப்படி -எல் (இப்போதைக்கு மறைத்துவிட்டு அப்புறம் கழற்று) சேர்த்து அடிக்கிறார்கள், பிழை ஒன்றும் வரவில்லை, ஆகவே கழன்றுவிட்டது என்று நம்பி அப்புறம் வயரைப் பிடுங்குகிறார்கள். இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது, ஏனென்றால் பாதுகாப்பாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்போடு செய்வது அது.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் காரணமில்லாமல் பிசி என்று சொல்லாது. ஒவ்வொரு மவுண்டையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று அது கணக்கு வைத்திருக்கிறது: திறந்திருக்கும் ஃபைல், அந்த டைரக்டரிக்குள் உட்கார்ந்திருக்கும் ஷெல் (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கும் புரோகிராம்), அந்த டிஸ்கிலிருந்து ஓடும் புரோகிராம், அதன் மேல் போட்ட இன்னொரு மவுண்ட் என எதுவாக இருந்தாலும் கணக்கில் சேரும். எல்லோரும் விட்ட பிறகுதான் கழற்ற விடும். ஆகவே நம் வேலை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது, அவ்வளவுதான். சிக்கல் எங்கே என்றால், பிடித்திருப்பவர் எப்போதும் ஒரு ப்ராசஸாகவே (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமாகவே) இருக்க வேண்டியதில்லை, அதனால் ஒரே கட்டளை எல்லா நேரத்திலும் பதில் தராது. அதற்காகத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். யுமவுண்டில் யு-வுக்கு அப்புறம் நேரே எம்தான், நடுவில் என் கிடையாது. மவுண்ட் செய்த இடம் /எம்என்டி/பேக்கப், டிஸ்க் எஸ்டிபி1 என்று வைத்துக்கொள்கிறேன்.

பிசி என்கிறது, ஃபியூசர் ஒரு ப்ராசஸைக் காட்டுகிறது

முதலில் அடிக்க வேண்டியது, யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ஃபியூசர்:

சூடோ ஃபியூசர் -விஎம் /எம்என்டி/பேக்கப்

சூடோ (ரூட் என்ற நிர்வாகியின் உரிமையோடு ஓட்டுவது) இல்லாமல் அடித்தால் உங்களுடைய ப்ராசஸ்களைப் பற்றி மட்டும்தான் முழு விவரம் கிடைக்கும், மற்றவர்களுடையது தெரியாது. "ஒன்றுமே காட்டவில்லை" என்று வருகிறவர்களில் நிறைய பேர் இதைத்தான் விட்டிருப்பார்கள்.

வரும் பட்டியலில் முதல் வரியில் "ரூட், கெர்னல், மவுண்ட்" என்று இருக்கும். அதைப் பார்த்து கெர்னலே பிடித்திருக்கிறது என்று பயப்பட வேண்டாம், இங்கே ஒரு மவுண்ட் இருக்கிறது என்பதை மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. அதற்குக் கீழே வருவதுதான் முக்கியம். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் எதிரே புள்ளிகளுக்கு நடுவில் ஓர் எழுத்து நிற்கும். சி என்றால் அந்த ப்ராசஸின் தற்போதைய டைரக்டரி அங்கே இருக்கிறது. சின்ன எஃப் என்றால் ஃபைல் திறந்திருக்கிறது, பெரிய எஃப் என்றால் எழுதுவதற்காகத் திறந்திருக்கிறது. இ என்றால் புரோகிராமே அந்த டிஸ்கிலிருந்துதான் ஓடுகிறது. எம் என்றால் ஃபைலோ லைப்ரரியோ மெமரியில் மேப் ஆகியிருக்கிறது. ஆர் என்றால் அந்த ப்ராசஸின் ரூட் டைரக்டரி அங்கே இருக்கிறது, பெரும்பாலும் சிஎச்ரூட் (வேறொரு ஃபோல்டரையே ரூட்டாகக் கொள்வது) செய்த ஷெல்.

"4312 ..சி.. பாஷ்" என்பதுபோல ஒரு வரி வந்தால் (4312 என்பது பிஐடி, அதாவது ப்ராசஸின் எண், பாஷ் ஒரு ஷெல்) நிம்மதி, எங்கோ ஒரு ஷெல் அந்த ஃபோல்டருக்குள் நிற்கிறது. எங்கே நிற்கிறது என்று பார்க்க எல்எஸ் -எல் /ப்ராக்/4312/சிடபிள்யூடி அடியுங்கள். இந்த டெர்மினலில் வெளியே வந்துவிட்டேனே என்று தோன்றினால், டீமக்ஸில் (ஒரே டெர்மினலில் பல ஷெல் திறக்கும் கருவி) வேறு விண்டோ திறந்திருக்கிறதா, கன்ட்ரோல் இசட் போட்டு நிறுத்திய விம் எடிட்டர் ஏதாவது தூங்குகிறதா என்று பாருங்கள், இரண்டாவதற்கு ஜாப்ஸ் என்று அடித்தாலே தெரிந்துவிடும். இன்னொன்று அடிக்கடி ஏமாற்றும்: அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டே சூடோ -ஐ அடித்து ரூட் ஆகியிருப்பீர்கள், உள்ளே இருக்கும் ரூட் ஷெல் வேறு டைரக்டரிக்குப் போய்விட்டது, ஆனால் அதைப் பெற்ற வெளி ஷெல் இன்னும் அதே ஃபோல்டரில்தான் நிற்கிறது. எக்ஸிட் போட்டு வெளியே வந்து, அங்கேயும் சிடி அடித்தால் போதும்.

பெரிய எஃப் வந்தால் அவசரப்படாதீர்கள். யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்சிங்க் (காப்பி செய்யும் கருவி) என்றால் முடியட்டும். டேட்டாபேஸ் மாதிரி சர்வீஸ் என்றால் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் மூலம் முறையாக நிறுத்துங்கள், கில் செய்தால் ரீஸ்டார்ட் அமைப்பு வைத்திருக்கும் சர்வீஸ் உடனே எழுந்து அதே ஃபைலை மறுபடி திறந்துகொள்ளும், நீங்கள் வேறு பிஐடியைத் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

ஃபியூசரில் -கே என்று ஒன்று உண்டு, பிடித்திருக்கும் எல்லோரையும் கொன்றுவிடும். அது அனுப்புவது சாதாரண டெர்ம் சிக்னல் அல்ல, நேராக கில் சிக்னல், எதையும் சேமித்துவிட்டுப் போக ப்ராசஸுக்கு வாய்ப்பே கிடைக்காது. அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது: நீங்கள் கொடுத்த ஃபோல்டரில் அந்த நேரத்தில் எதுவும் மவுண்ட் ஆகியிருக்கவில்லை என்றால், -எம் அந்த ஃபோல்டர் எந்த ஃபைல்சிஸ்டத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். /எம்என்டி/பேக்கப் வெறும் ஃபோல்டர் என்றால் அது ரூட் ஃபைல்சிஸ்டம், அதாவது மொத்த மெஷினும் போய்விடும். எனவே -கே பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் கூடவே பெரிய எம் (மவுண்ட் பாயிண்டாக இருந்தால் மட்டும் வேலை செய்), -ஐ (ஒவ்வொருவராகக் கேட்டுச் செய்), -டெர்ம் மூன்றையும் சேருங்கள். ஸ்கிரிப்டில் பெரிய எம் இல்லாமல் -கேஎம் எழுதியிருப்பதைப் பார்த்தால் தயவுசெய்து இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

பிசி என்கிறது, ஆனால் ஃபியூசரும் எல்எஸ்ஓஎஃபும் காலியாக இருக்கின்றன

மணிக்கணக்கில் நேரத்தைத் தின்பது இந்த நிலைதான். சூடோவோடு ஃபியூசரும், திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃபும் அடித்தும் ஒன்றும் வரவில்லை என்றால், பிடித்திருப்பது பெரும்பாலும் ப்ராசஸ் அல்ல, கெர்னலுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒன்று. சாத்தியம் அதிகமுள்ளதிலிருந்து வரிசையாகப் போவோம்.

உள்ளே இன்னொரு மவுண்ட். ஃபைண்ட்எம்என்டி -ஆர் (பெரிய ஆர்) /எம்என்டி/பேக்கப் என்று அடித்தால் அதற்குக் கீழே இருக்கும் எல்லா மவுண்டும் மரம் போலத் தெரியும். பூட் ஆகாத சிஸ்டத்தை லைவ் யூஎஸ்பி போட்டு சிஎச்ரூட் செய்து சரிபார்க்கிறவர்கள் /எம்என்டி/டெவ், /எம்என்டி/ப்ராக், /எம்என்டி/சிஸ் எல்லாம் பைண்ட் (இருக்கும் ஃபோல்டரை இன்னொரு இடத்திலும் காட்டுவது) செய்திருப்பார்கள், வேலை முடிந்ததும் /எம்என்டியை மட்டும் கழற்றப் பார்ப்பார்கள். ஆழத்தில் இருப்பதிலிருந்து மேலே வர வேண்டும், அதை யுமவுண்ட் -ஆர் (இங்கேயும் பெரிய ஆர்) தானே செய்துவிடும். ஒரு எச்சரிக்கை: /டெவ்வை ஆர்பைண்ட் (உள்ளிருக்கும் மவுண்டுகளோடு சேர்த்து பைண்ட்) மூலம் போட்டிருந்தால், சிஸ்டம்டி இருக்கும் மெஷின்களில் மவுண்டுகள் ஷேர்ட் நிலையில் (ஒன்றில் செய்வது அதன் நகலிலும் நடக்கும்) இருப்பதால், உள்ளே கழற்றுவது வெளியே இருக்கும் உண்மையான /டெவ்/பிடிஎஸ் வரை பரவிவிடும், அப்புறம் புது டெர்மினல்கூடத் திறக்காது. ஜென்டூ லினக்ஸின் கையேடு ஆர்பைண்ட் செய்த கையோடு மேக்-ஆர்ஸ்லேவ் செய்யச் சொல்வது இந்தப் பரவலைத் தடுக்கத்தான். அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

ஸ்வாப் ஃபைல். மெமரி பற்றவில்லை என்று எப்போதோ அந்த டிஸ்கில் ஸ்வாப் ஃபைல் உருவாக்கியிருப்போம், அது மறந்தே போயிருக்கும். கேட் /ப்ராக்/ஸ்வாப்ஸ் பார்த்தால் பாத் தெரியும். ஸ்வாப்ஆஃப் அடித்து நிறுத்துங்கள், அதில் இருப்பதெல்லாம் ரேமுக்குத் திரும்ப வேண்டும் என்பதால் கொஞ்ச நேரம் எடுக்கும்.

லூப் டிவைஸ், அதாவது ஒரு ஃபைலை டிஸ்க் போலக் காட்டுவது. அந்த டிஸ்கில் இருக்கும் ஐஎஸ்ஓ ஃபைலை வேறெங்கோ, உதாரணத்துக்கு /எம்என்டி/ஐஎஸ்ஓவில், மவுண்ட் செய்திருப்பீர்கள். மவுண்ட் ஆன இடம் வேறு என்பதால் மேலே சொன்ன மரத்தில் இது வராது. லோசெட்டப் -ஏ அடித்தால் எந்த லூப்புக்குப் பின்னால் எந்த ஃபைல் என்று காட்டும். முதலில் ஐஎஸ்ஓவைக் கழற்றுங்கள், அதன் பிறகும் லூப் பட்டியலில் இருந்தால் லோசெட்டப் -டி.

என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட். அந்த ஃபோல்டரை நெட்வொர்க்கில் மற்றவர்களுக்குப் பகிர்ந்திருந்தால், கிளையன்ட்கள் திறக்கும் ஃபைல்களை கெர்னலில் இருக்கும் என்எஃப்எஸ் சர்வரே நேரடியாகப் பிடித்திருக்கும், சாதாரண ப்ராசஸ் எதுவும் கண்ணில் படாது. எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி பார்த்து, -யு போட்டு அந்தப் பகிர்வை எடுத்துவிட்டு, எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -எஃப் அடித்து, அதன் பிறகு கழற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் என்எஃப்எஸ் சர்வர் சர்வீஸைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியதுதான், ஆனால் மற்ற பகிர்வுகளில் வேலை செய்கிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

யூனிக்ஸ் சாக்கெட், ஒரே மெஷினில் ப்ராசஸ்கள் பேசிக்கொள்ளும் வழி. பலருக்குத் தெரியாத இடம் இது. ஏதோ ஒரு சர்வீஸ் அந்த டிஸ்கில் சாக்கெட் ஃபைல் ஒன்றைப் போட்டு அதில் காத்திருந்தால், அந்தச் சாக்கெட் மவுண்டைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் டிஸ்க் வாரியாகத் தேடும்போது தவறிப்போகலாம், ஏனென்றால் ப்ராசஸ் கையில் இருப்பது சாக்கெட்டே தவிர டிஸ்கில் உள்ள ஃபைல் அல்ல. ஹோம் டைரக்டரியைத் தனி என்கிரிப்டட் டிஸ்கில் வைத்திருப்பவர்களுக்கு ஜிபிஜி ஏஜென்ட் (என்கிரிப்ஷன் சாவிகளைக் கையாளும் சர்வீஸ்) இப்படி மாட்டிக்கொள்வதுண்டு. எஸ்எஸ் -எக்ஸ்எல்பி அடித்து, வரும் பாத்களில் உங்கள் மவுண்ட் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பென்டிரைவை டெஸ்க்டாப்பில் கழற்றும்போது மட்டும் பிசி

ஃபைல் மேனேஜர், சின்னப் படம் தயாரிக்கும் தம்ப்நெய்லர், தேடல் இண்டெக்ஸர் (க்னோமில் லோக்கல்சர்ச், பழைய பெயர் டிராக்கர்; கேடிஇயில் பாலூ) இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அரை நிமிடம் பொறுத்தால் பெரும்பாலும் தானே விட்டுவிடும். ஃபோல்டரை வெறுமனே கண்காணிப்பதால் பிசி ஆவதில்லை, இனோடிஃபை வாட்ச் அன்மவுண்டைத் தடுக்காது, உள்ளே ஃபைலைத் திறந்து படித்துக்கொண்டிருந்தால்தான் தடுக்கும்.

யுமவுண்ட் பிழையும் சொல்லவில்லை, திரும்பியும் வரவில்லை

யூஎஸ்பி டிஸ்க் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எழுதி முடியாத டேட்டாவை. காப்பி செய்யும் பட்டை நூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டது என்றால் டேட்டா ரேமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் பொருள், டிஸ்குக்குப் போய்விட்டது என்று அல்ல. லினக்ஸ் இயல்பாகவே கைவசமுள்ள மெமரியில் 20 சதவீதம் வரை இப்படி எழுதப்படாத பக்கங்களைத் தாங்கிக்கொள்ளும், மெதுவான பென்டிரைவுக்கு அது பல நிமிட வேலை. இன்னொரு டெர்மினலில் /ப்ராக்/மெம்இன்ஃபோவைத் திறந்து டர்ட்டி, ரைட்பேக் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள், எண்கள் குறைந்துகொண்டே வந்தால் எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. காத்திருங்கள். இந்த நேரத்தில் பிடுங்கியதால் போன கல்யாண ஃபோட்டோக்கள் எத்தனையோ.

டிஎஃப் அடித்தாலே டெர்மினல் உறைந்துவிடுகிறது

என்எஃப்எஸ் மவுண்ட், மறுமுனையில் சர்வர் போய்விட்டது. என்எஃப்எஸ் இயல்பாக ஹார்ட் மவுண்ட், அதாவது சர்வர் பதில் சொல்லும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். டிஎஃப் (டிஸ்கில் மீதி இடம் காட்டுவது), எல்எஸ், சில சமயம் எல்எஸ்ஓஎஃப் எல்லாமே அந்த மவுண்டைத் தொட்டதும் அப்படியே நின்றுவிடும், ப்ராசஸ்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் டி (காத்திருப்பு) நிலையில் தெரியும். இந்த நேரத்தில் நிற்காமல் வேலை செய்வது கேட் /ப்ராக்/மவுண்ட்ஸ். எல்எஸ்ஓஎஃப் வேண்டும் என்றால் -பி -டபிள்யூ இரண்டையும் சேர்த்து அடியுங்கள், தடைப்படக்கூடிய அழைப்புகளைத் தவிர்த்துவிடும்.

சர்வர் திரும்ப எழும் என்றால் அதை எழுப்புவதுதான் சிறந்த வழி, காத்திருக்கும் ப்ராசஸ்கள் விட்ட இடத்திலிருந்து தொடரும், எழுதாமல் நின்றதும் போய்ச் சேரும். எழாது என்று உறுதியாகத் தெரிந்தால் யுமவுண்ட் -எஃப், முழு பாத்தோடு. காத்திருக்கும் கோரிக்கைகளை அது பிழையோடு முடித்துவைக்கும், அதனால் முதல் முறை பிசி என்றே வந்தாலும் இன்னொரு முறை அடித்துப் பார்ப்பது வீண் இல்லை. கெர்னல் 2.6.25 முதல் என்எஃப்எஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களைக் கில் சிக்னலால் முடிக்க முடியும், எனவே டி நிலை என்று பார்த்ததும் கைவிட வேண்டாம், கில் -9 அனுப்பிப் பாருங்கள். பழைய குறிப்புகளில் வரும் இன்ட்ர் என்ற மவுண்ட் ஆப்ஷன் அதே பதிப்போடு பொருளற்றதாகிவிட்டது, எஃப்எஸ்டேபில் (மவுண்டுகளைக் குறித்துவைக்கும் அமைப்பு ஃபைல்) சேர்த்துப் பயனில்லை. சாஃப்ட் என்று மாற்றினால் தொங்காதுதான், ஆனால் எழுதும் நடுவில் டைம்அவுட் ஆனால் டேட்டா சத்தமில்லாமல் கெடலாம். படிக்க மட்டும் பயன்படும் மவுண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கு வேண்டாம்.

-எஃப் போட்டும் கழலவில்லை, சர்வர் எழப்போவதும் இல்லை என்றால், -எல் போட நியாயமான இடம் இதுதான். அதன் மேனுவல் பக்கமே செத்த நெட்வொர்க் மவுண்டால் ஷட்டவுன் தொங்குவதைத் தவிர்க்க இதைப் பரிந்துரைக்கிறது, சீக்கிரம் ஒரு ரீபூட் தேவைப்படும் என்றும் சொல்கிறது.

எஸ்எஸ்எச்எஃப்எஸ் (எஸ்எஸ்எச் வழியாகப் போடும் மவுண்ட்) தொங்கினால் கதை எளிது. "ட்ரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்" என்று வந்தால் பின்னால் இருந்த ப்ராசஸ் இறந்துவிட்டது, ஃபியூசர்மவுண்ட் -யு போதும். இது முதல் கட்டளையான ஃபியூசர் இல்லை, ஃப்யூஸ் பேக்கேஜோடு வருவது, புது பதிப்புகளில் பெயருக்குப் பின்னால் 3 இருக்கும்.

யுமவுண்ட் வெற்றி, ஆனால் டிஸ்க் இன்னும் பயன்பாட்டில் என்கிறது

டிஸ்கை ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் "பயன்பாட்டில் இருக்கிறது, செய்ய மாட்டேன்" என்கிறது, என்கிரிப்டட் டிஸ்கை மூடும் கிரிப்ட்செட்டப் குளோஸ் மறுக்கிறது, ஆனால் ஃபைண்ட்எம்என்டியில் மவுண்ட் இல்லை. காரணம் இரண்டில் ஒன்று.

ஒன்று, நீங்களோ உங்கள் ஸ்கிரிப்டோ -எல் போட்டிருக்கிறீர்கள். -எல் செய்வது மவுண்டை டைரக்டரி மரத்திலிருந்து மறைப்பது மட்டும்தான், திறந்திருக்கும் ஃபைல்கள் திறந்தபடியே இருக்கும், அவற்றில் எழுதுவதும் தொடரும், கடைசி ஆள் விட்ட பிறகுதான் உண்மையான அன்மவுண்ட் நடக்கும். உங்களுக்குத் தெரியாமல், எப்போது என்றும் தெரியாமல். தவிர, பாத் போய்விட்டதால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பாத்தை வைத்துக் கேட்கும் வழியும் அடைபட்டுவிடும். உள்ளூர் டிஸ்கில் -எல் போடாதீர்கள் என்று நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வது இதனால்தான். டிஸ்கில் இருப்பது இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டம் என்றால் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நல்ல அடையாளம் உண்டு: பிஎஸ் பட்டியலில் சதுர அடைப்புக்குள் ஜேபிடி2/எஸ்டிபி1-8 என்று ஒரு கெர்னல் த்ரெட் தெரியும், அதோடு /ப்ராக்/எஃப்எஸ்/இஎக்ஸ்டி4/எஸ்டிபி1 என்ற டைரக்டரியும் இருக்கும். இவை மறையும்வரை வயரைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, வேறொரு மவுண்ட் நேம்ஸ்பேஸ், அதாவது தனக்கென்று தனி மவுண்ட் பட்டியல் வைத்திருக்கும் சூழல். டாக்கர் கன்டெய்னருக்கு (தனிமைப்படுத்தி ஓட்டும் புரோகிராமுக்கு) அந்த ஃபோல்டரையோ அதற்கு மேலே உள்ள ஃபோல்டரையோ கொடுத்திருந்தால், கன்டெய்னர் கிளம்பியபோது மவுண்டின் ஒரு நகல் உள்ளே போயிருக்கும். டாக்கர் இயல்பாக ஆர்பிரைவேட் என்ற முறையில் கொடுப்பதால் நீங்கள் வெளியே கழற்றியது உள்ளே போய்ச் சேராது. உங்கள் மவுண்ட் போய்விட்டது, அதன் நகல் அங்கே உயிரோடு. தேட, ஜிரெப் -எல் எஸ்டிபி1 /ப்ராக்/*/மவுண்ட்இன்ஃபோ என்று சூடோவோடு அடியுங்கள், பெயர் வரும் பிஐடிகளில்தான் அது ஒளிந்திருக்கிறது. அந்த மவுண்ட்இன்ஃபோ வரியில் ஐந்தாவது பத்தி உள்ளே எந்த இடத்தில் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று சொல்லும். கன்டெய்னரை நிறுத்துவதுதான் சுத்தமான வழி. நிறுத்த முடியாத சூழ்நிலையில் என்எஸ்என்டர் -டி பிஐடி -எம் யுமவுண்ட் என்று அந்த இடத்தைக் கொடுத்து உள்ளே போய்க் கழற்றலாம், உள்ளே யுமவுண்ட் கட்டளை இருக்க வேண்டும்.

மொத்த ரூட்டையும் உள்ளே எடுத்துக்கொள்ளும் கண்காணிப்பு கன்டெய்னர்கள் இதில் அடிக்கடி மாட்டும். அவற்றில் ஒன்றான நோட் எக்ஸ்போர்ட்டரின் டாக்கர் உதாரணத்தில் ரூட்டைக் கொடுக்கும் இடத்தில் ஆர்ஸ்லேவ் சேர்த்திருப்பார்கள், அது இருந்தால் வெளியே கழற்றுவது உள்ளேயும் பரவும். நீங்கள் எழுதும் டாக்கர் கம்போஸ் ஃபைலிலும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழற்ற வேண்டியது /ஹோம், /வார் அல்லது ரூட்டே

/ஹோம் என்றால் யாரும் லாகின் ஆகியிருக்கக் கூடாது, வரைகலைத் திரையிலிருந்து வெளியே வந்து, கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி, ரூட்டாக நுழைந்து செய்யுங்கள். லாக்அவுட் ஆன பிறகும் பயனரின் பின்னணி சர்வீஸ்கள் தங்கியிருக்கும், லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் அவற்றையும் அனுப்பிவிடும். /வார் என்றால் லாக் எழுதுகிற சர்வீஸ்கள் நிறைய, ஒவ்வொன்றாக நிறுத்துவதைவிட சிஸ்டம்சிடிஎல் ரெஸ்க்யூ மூலம் ரெஸ்க்யூ நிலைக்கே போய்விடுவது நல்லது. ஓடும் ரூட்டைக் கழற்ற வழியில்லை, எஃப்எஸ்சிகேக்காகத்தான் (ஃபைல்சிஸ்டத்தைச் சரிபார்க்கத்தான்) என்றால் மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்ஓ முயலுங்கள். அதுவும் பிசி என்றால் எழுதுவதற்காகத் திறந்த ஃபைலோ, அழித்தும் இன்னும் திறந்தே இருக்கும் ஃபைலோ உண்டு, இரண்டாவதை எல்எஸ்ஓஎஃப் +எல்1 (பெரிய எல்) பட்டியலிடும். அப்டேட் முடிந்த பிறகு பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டு ஓடும் சர்வீஸ்கள்தான் அங்கே பெரும்பாலும் வரிசையாக நிற்கும், அவற்றை ரீஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி ரீமவுண்ட் அடியுங்கள்.